மேனேஜர் முகம்

அவருக்கு முப்பத்திரண்டு வயதிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கிற நரை இல்லை. பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியதுபோல ஒரேயடியாக வந்து இறங்கிய நரை. கூடவே அகலமான நெற்றி, அடர்ந்த மீசை, அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வருகிற குரல், எப்போதும் எதையோ ஆழ்ந்து யோசிப்பதுபோல் சுருங்கிய புருவம். புருவம் சுருங்கியதற்குக் காரணம் யோசனை இல்லை, தூரப்பார்வை மங்கல். பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா?

அந்த முகத்தால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணத்தன்று போட்டோக்காரர் அவரைப் பார்த்து, "பொண்ணோட அப்பா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மாப்பிள்ளை வரட்டும்" என்றார். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வகுப்பே எழுந்து நிற்கும். செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தபோது, அவர் குனிந்து அளவு பார்க்க வந்தால் வாடிக்கையாளர்கள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய மனிதர் தங்கள் காலைத் தொடுவதா! இப்படியே போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி அவரை வாசலில் சும்மா நிற்க வைத்தார். அவர் நின்ற பிறகும் வியாபாரம் படுத்துத்தான் போனது. கடையை மூடினார்கள். ஐம்பது வயதுக்கு மேல், தெரிந்தவர் ஒருவர் மூலமாக விமான நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார்.

வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பயணிகள் ஏறும் கேட்டில் கயிற்றுக் கம்பங்களை வரிசையாக நிறுத்த வேண்டும். பெட்டி அளக்கிற இரும்புக் கூண்டை இழுத்து வந்து வைக்க வேண்டும். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுரங்கம் மாதிரியான அந்த நீளப் பாதையில் விமான வாசல்வரை போய்வர வேண்டும். கூட்டம் அதிகமானால் போர்டிங் பாஸைக் கிழித்து ஒரு துண்டை வைத்துக்கொண்டு மறு துண்டைத் திருப்பித் தர வேண்டும். அங்கே வேலை பார்த்த சின்ன வயதுக்காரர்கள் அவரை அங்கிள் என்றார்கள். நமக்கும் அவர் அங்கிள்தான்.

அந்த கேட்டுக்கு மேனேஜர் ஒரு பெண். வயது இருபத்தொன்பது. பள்ளிக்கூடப் பை மாட்டிவிட்டால் பத்தாம் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம், அப்படி ஒரு ஒல்லி. ஆனால் விமானத்தில் ஏறுவது சம்பந்தமான சட்டதிட்டம் ஒன்று பாக்கியில்லாமல் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது. கைக்குழந்தைக்கு எத்தனை பை, கால் கட்டு போட்டவருக்கு எந்த இருக்கை, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தால் யாரிடம் கேட்க வேண்டும், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அவள் எதிரே நிற்பது பயணிகள் ஆயிற்றே.

வீட்டில் நல்ல மனிதர்களாக இருக்கிறவர்களுக்குக்கூட விமான நிலையத்துக்கு வந்தால் என்னமோ ஆகிவிடுகிறது. முதலில் ஒன்றாம் பிரிவு, பிறகு இரண்டாம் பிரிவு என்று ஐந்து வரைக்கும் வரிசையாக அழைப்பார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஆனால் ஒன்றாம் பிரிவு என்று அறிவித்த மாத்திரத்தில் எழுந்து ஓடி வருகிறவர்களில் பாதிப் பேர் ஐந்தாம் பிரிவு. இருக்கை எண் அச்சடித்துக் கையிலேயே இருக்கிறது, அதை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. இருந்தும் முண்டியடிப்பார்கள். பெட்டியின் எடை கூடிவிட்டதென்றால் அங்கேயே திறந்து மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, "இப்ப எடை போடுங்க" என்பார்கள். நடக்க முடியவில்லை என்று சக்கர நாற்காலி கேட்டு முதல் ஆளாக ஏறிய அம்மாள், போய் இறங்கியதும் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடுகிறாள் என்று அந்த ஊர்ப் பணியாளர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் மேனேஜர் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று.

"மேனேஜரைக் கூப்பிடுங்க."

"நான்தான் சார் மேனேஜர்."

எதிரே நிற்பவர் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு குழந்தையிடம் பேசுகிற குரலில், "நிஜ மேனேஜரைக் கூப்பிடும்மா" என்பார்.

ஆண்கள் மட்டும் இப்படிச் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். பெண்களும் சொன்னார்கள். பெண்ணுரிமை பற்றி மாநாட்டில் பேசப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மையாரும் சொன்னார்.

ஒருநாள் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர், அது கூண்டுக்குள் இறங்காது என்று தெரிந்ததும் கூண்டின் மேல் பழி போட்டார். கூண்டு சின்னதாகிவிட்டதாம். அவள் பொறுமையாக விளக்கினாள். அவர் வழக்கம்போல நிஜ மேனேஜரைக் கேட்டார். அன்றைக்கு அவளுக்கு எதுவோ அறுந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கிள் சற்றுத் தள்ளி நின்று முடிச்சு விழுந்த கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் வர்றீங்களா?"

அங்கிள் எந்த சாரைக் கூப்பிடுகிறாள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. கயிற்றைப் போட்டுவிட்டு வந்தார்.

"இந்தப் பெட்டி கூண்டுல இறங்கல சார். கீழ சரக்கோடதான் போகணும். இவர் உங்ககிட்டதான் பேசணுமாம்."

அங்கிள் பெட்டியைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாததால் புருவத்தைச் சுருக்கினார். என்ன சொல்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அந்த மௌனத்திலேயே எதிராளி பாதி இறங்கிவிட்டார். கடைசியில் அங்கிள், "கீழதான் போகணும்" என்றார்.

"சரிங்க சார். இப்படி மரியாதையா எடுத்துச் சொன்னா கேக்க மாட்டோமா?" என்று சொல்லிவிட்டு, அவர் பெட்டியைத் தானே தூக்கிக் கொடுத்தார்.

பின்னறையில் அன்று ஒரே சிரிப்பு. ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்கிற பெண்ணுக்கு மைக் என்று பட்டப்பெயர். அவள் அங்கிள் மாதிரியே புருவத்தைச் சுருக்கிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். மேனேஜரும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக. ஆனால் வந்த வழி நல்ல வழியாக இருக்கிறதே! நேரம் மிச்சம், தொண்டை மிச்சம். அதற்கடுத்த நாளிலிருந்து யாராவது நிஜ மேனேஜரைக் கேட்டால் அங்கிளைக் கூப்பிடுவது என்று வழக்கமாகிவிட்டது. முன்பு வேலையை விட்டுப் போன யாரோ ஒருவரின் கருநீலக் கோட்டு அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கொடுத்தாள்.

"அங்கிள், நான் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லுங்க. நீங்களா எதுவும் வாக்குக் கொடுக்காதீங்க. எந்தப் பிரச்சினையும் வராது" என்றாள்.

"நமக்கெதுக்கு மேடம் அதெல்லாம்" என்றார் அங்கிள்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பவள். கோட்டின் இடுப்பைப் பிரித்துவிட்டுத் தைத்துத் தந்தாள். "எதுக்கு இந்த வேஷம்?" என்று கேட்டாள். "வேஷமில்ல, பொறுப்பு" என்றார். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

கோட்டு வந்ததும் நடை மாறியது. முன்பெல்லாம் சுவர் ஓரமாகப் போகிறவர், இப்போது நடுக்கூடத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்த ஆரம்பித்தார். கயிற்றுக் கம்பங்களை நகர்த்துவதற்கு ஆள் தேடினார். தேநீர் இயந்திரத்தில் தானே போய்ப் பிடித்துக் குடித்தவர், "மைக்கு, ஒரு டீ" என்று கேட்கலானார். அவளும் விளையாட்டு என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகுதான் அது விளையாட்டில்லை என்று புரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, தன் பேச்சுக்கு ஒரு சக்தி இருப்பதாகவே அவர் நம்பத் தொடங்கிவிட்டார். மேனேஜர் பத்து வாக்கியத்தில் சொல்லி நடக்காதது, தான் ஒரு வாக்கியத்தில் சொன்னால் நடக்கிறது. அப்படியென்றால் திறமை யாரிடம் இருக்கிறது? இதை அவர் வெளியே சொல்லவில்லை. மனைவியின் தம்பியிடம் மட்டும் சொன்னார். அதாவது, தான் இப்போது மேனேஜர் என்று.

மச்சான் சும்மா இருப்பானா? அடுத்த மாதமே எங்கேயோ போவதற்கு டிக்கெட் எடுத்து, இரண்டு ஆள் படுக்கலாம் போன்ற ஒரு பெட்டியோடு அதே கேட்டுக்கு வந்து சேர்ந்தான். கூண்டைப் பார்த்துச் சிரித்தான்.

"இதெல்லாம் மத்தவங்களுக்கு. மேனேஜரைக் கூப்பிடுங்க, அவர் என் அத்தான்."

மேனேஜர் மெல்லத் திரும்பி, "சார்" என்றாள். அங்கிள் கோட்டோடு வந்தார். மச்சானைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. மச்சான் கண்ணடித்தான். மேனேஜர் அவர் காதருகே, "கீழதான் போகணும்" என்றாள்.

"கீழதான் போகணும்" என்றார் அங்கிள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"அத்தான், நான்!"

"கீழதான் போகணும்."

மச்சான் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான். அவன் மனைவி, குழந்தைகள், மாமியார் வரைக்கும் யாரும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "எந்தம்பிய நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினீங்களே" என்று மனைவி சண்டைக்கு வந்தாள். "கடமைன்னு வந்துட்டா தம்பியாவது அண்ணனாவது" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாக்கியம் தனக்கே நன்றாக இருந்ததால் மனதுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார்.

இந்தத் தலைக்கனம் எங்கே போய் முடிந்ததென்றால், ஒருநாள் வரிசை கலைந்து கிடந்தபோது மேனேஜரைப் பார்த்து, "இங்க பாரும்மா, கூட்டத்தை இப்படியா விடறது? கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கணும்" என்றார். பயணிகள் முன்னால். பக்கத்தில் நின்ற ஒருவர் ஆமோதித்துத் தலையாட்டினார். அவள் அங்கிளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போய் வரிசையைச் சரிசெய்தாள்.

அந்த வாரமே அது நடந்தது.

மத்தியான விமானம். ஏறும் கதவைச் சாத்தியாகிவிட்டது. சாத்திய பிறகு மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள், குதிகால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள். மற்ற இருவரும் புருஷன் பெண்டாட்டி. தாமதத்துக்கு யார் காரணம் என்று ஓடும்போதே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"கதவு சாத்தியாச்சுங்க. இனி திறக்க முடியாது" என்றாள் மேனேஜர்.

"பிளேன் அங்கதான நிக்குது!" என்று கண்ணாடிச் சுவருக்கு வெளியே காட்டினாள் அந்தப் பெண்.

நின்றது உண்மைதான். சாவகாசமாக, மூக்கைக் கேட் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்பதைப்போல வயிற்றெரிச்சல் வேறெதிலும் இல்லை. ஆனால் ஆள் கணக்கு, எடைக் கணக்கு எல்லாம் முடித்து அனுப்பியாகிவிட்டது. அவள் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் நிஜ மேனேஜரைக் கேட்டார்கள். அங்கிள் வந்து, "சாத்தினா சாத்தினதுதான்" என்றார். உடனே அடங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நேர்முகத் தேர்வுப் பெண் சத்தமில்லாமல் அழுதாள். மேனேஜரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்த விமானத்தில் மூவருக்கும் இடம் பிடித்துத் தரலாம் என்று முன் கூடத்திலிருந்த டிக்கெட் கவுண்டருக்கு வேகமாகப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஒருவர் வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்தது. ஏதோ கம்பெனி முதலாளி, அவரும் அதே விமானத்தைத் தவறவிட்டவர். நிற்கிற தோரணையே சொல்லிற்று. மைக்கை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக அங்கிளிடம் வந்து, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்துடுச்சு. பொறுப்பான ஒருத்தர் இருக்கீங்க. சின்னப் பசங்ககிட்ட மாட்டியிருந்தா ரூல் பேசியே கொன்னிருப்பாங்க."

அங்கிள் புருவத்தைச் சுருக்கினார்.

"ரூலெல்லாம் கீழ இருக்கறவங்களுக்கு சார். ரூல் போடறவங்க நீங்க. உங்க மாதிரி ஆளு ஒரு வார்த்தை சொன்னா பிளேன் நிக்காதா?"

அம்பத்திரண்டு வருஷத்தில் அங்கிளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. முகத்துக்கு மரியாதை கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் அவரால் ஒரு காரியம் ஆகும் என்று சொன்னவர் இவர்தான் முதல்.

"வாங்க" என்றார்.

"அங்கிள், வேணாம்! மேடம் வரட்டும்" என்று மைக் பதறினாள்.

"மேடம் வந்து என்ன பண்ணப் போறாங்க? நான் பாத்துக்கறேன்."

சக்கர நாற்காலி தள்ளுவதற்காகக் கொடுத்திருந்த அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்தார். சென்ட்காரரை அழைத்துக்கொண்டு கம்பீரமாக நடந்து போனார். விமான வாசலில் நின்ற பணிப்பெண், "கணக்கு முடிச்சாச்சே சார்?" என்றாள். "ஏத்துங்க" என்றார் அங்கிள். கோட்டையும் நரையையும் பார்த்துவிட்டு அவளும் ஏற்றிவிட்டாள். வெளியே நின்ற மூவருடைய இருக்கைகளும் காலியாகத்தான் இருந்தனவே. அதில் ஜன்னலோரமாக ஒன்றில் சென்ட்காரர் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மூவரும் கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண் கண்ணைத் துடைத்துவிட்டு போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினாள்.

விமானத்துக்குள் தலை எண்ணினார்கள். ஒரு தலை அதிகம். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் ஒன்று அதிகம். எந்தக் கணக்கிலும் இல்லாத ஒரு ஆள் விமானத்துக்குள் இருக்கிறார் என்றால் அது சாதாரண விஷயமா? தகவல் பறந்தது. பாதுகாப்புக்காரர்கள் வந்தார்கள். எல்லோரையும் இறக்கு, எல்லாப் பெட்டியையும் இறக்கு, முதலிலிருந்து சோதனை போடு என்று உத்தரவாயிற்று. ஏறியவர்கள் அத்தனை பேரும், ஒன்றாம் பிரிவு ஐந்தாம் பிரிவு என்ற பேதமெல்லாம் மறந்து, அந்த நீளப் பாதை வழியாகத் திரும்பி வந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்.

"மேனேஜர் எங்க?"

அங்கிளைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீங்கதான மேனேஜர்? யாரைக் கேட்டு ஆள் ஏத்தினீங்க?" சென்ட்காரரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். "எனக்கென்ன தெரியும்? இவர்தான் வாங்க வாங்கன்னு கூட்டிட்டுப் போனார்" என்று கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மூன்று புதுப் போர்டிங் பாஸ்களோடு மேனேஜர் திரும்பி வந்தாள். மூழ்குகிறவன் கட்டையைப் பிடிப்பதுபோல அங்கிள் அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

"நான் மேனேஜர் இல்லைங்க! இவங்கதான் மேனேஜர்!"

கூட்டம் கொதித்துவிட்டது.

"தப்பைப் பண்ணிட்டு சின்னப் பொண்ணு மேல பழியப் போடறான் பாரு! மனுஷனாய்யா நீ?"

அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் உலகம் சுற்றியது. பணக்காரனுக்குக் கதவு திறந்த மேனேஜர் என்று தலைப்பு. விமானக் கம்பெனியின் தலைமை அலுவலகம் அவசரமாக ஒரு அறிக்கை விட்டது. பயணிகளின் நம்பிக்கையே எங்கள் மூச்சு, சம்பந்தப்பட்ட மேனேஜர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார் என்று. அந்த கேட்டுக்கு மேனேஜர் யார் என்று கணினியைக் கேட்டார்கள். அது சொன்னது. இறக்கிவிடப்பட்ட பயணிகளுக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே அவளுடைய போனுக்கு உத்தரவு வந்தது. படித்துவிட்டு, கழுத்து அட்டையைக் கழற்றி மைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அங்கிளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தப்பித்தோம் என்றுதான் நினைத்தார். வெட்கம் வீட்டு வாசல்படியில்தான் வந்தது, அதுவும் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு. அவள் வீடியோவைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

"உங்களை?"

"நாளைக்குக் காலைல டூட்டி."

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள்.

"நான் மேனேஜர் இல்லன்னு உண்மையத்தான் சொன்னேன். ஒருத்தரும் நம்பலயே" என்றார்.

"எப்ப சொன்னீங்க? டீ கொண்டான்னு அதிகாரம் பண்றப்ப சொன்னீங்களா? எந்தம்பிகிட்ட சொன்னீங்களா? உதை விழப்போவுதுன்னு தெரிஞ்சப்பதான சொன்னீங்க?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடச் சொல்லவில்லை.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மொட்டைத் தலை, இன்னொருவர் கண்ணாடி. சாட்சி சொல்ல அங்கிளையும் அழைத்திருந்தார்கள். கோட்டு கீட்டு எதுவும் இல்லாமல் வெறும் சட்டையோடுதான் போனார். ஆனால் முகத்தை எங்கே கழற்றி வைப்பது? உள்ளே நுழைந்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்க சார், உக்காருங்க." பிறகு மேனேஜரிடம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. மேனேஜர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறோம்."

"சஸ்பெண்ட் ஆனது நான் சார்" என்றாள் அவள்.

கண்ணாடி தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். அதில் அவள் பெயர்தான் இருந்தது. "ஓ" என்றார்.

அங்கிள் உட்காரவில்லை. நின்றபடியே, "ஐயா, நான் கயிறு கட்டற ஆளு. பாஸ் கிழிக்கற ஆளு. கதவைத் திறந்தது நான்தான். மேடம் அப்ப அங்க இல்லவே இல்ல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். இரவெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டார்.

கண்ணாடி உருகிப்போனார். "பாத்தீங்களா? இந்தக் காலத்துல தனக்குக் கீழ வேலை செய்யற பொண்ணுக்காக ஒரு சீனியர் இப்படிப் பழிய ஏத்துக்கறார்னா..."

"கீழ இல்லைங்கய்யா, மேல" என்றார் அங்கிள்.

"அடக்கத்தைப் பாருங்க!"

அவள் எழுந்தாள். அங்கிளின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்து மேசைப் பக்கம் திருப்பினாள். ஒப்பந்தத் தொழிலாளர், கேட் உதவி என்று அதில் போட்டிருந்தது. இருவரும் அட்டையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், திரும்ப அட்டையைப் பார்த்தார்கள். மொட்டைத் தலையில் வியர்வை துளிர்த்தது.

"கயிறு கட்டற ஆள் சொல்லி பிளேன்ல ஆள் ஏத்தினாங்கன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆவுறது? மேனேஜர்னு அறிக்கை வேற விட்டுட்டோமே" என்றார் அவர்.

வெளியே போய் யார் யாரிடமோ போனில் பேசினார்கள். இரண்டு முறை தேநீர் வந்து ஆறிப்போனது. திரும்பி வந்தபோது வழி கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். சம்பவம் நடந்த தேதியில் அங்கிளைத் தற்காலிக மேனேஜராக நியமித்ததாக ஒரு உத்தரவு. அதே தேதியில் தவறு செய்ததற்காக அவரைப் பதவியிறக்கம் செய்ததாக இன்னொரு உத்தரவு. அறிக்கையும் பொய்யாகாது, வீடியோவும் பொய்யாகாது.

"அப்ப அன்னிக்கு நான் யாரு சார்?" என்று கேட்டாள் அவள்.

"நீங்க அன்னிக்கு லீவு."

"நான் லீவு எடுக்கலையே."

"இப்ப எடுத்துக்கங்கம்மா."

அங்கிள் இரண்டு உத்தரவிலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, முதல் தாளை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாங்களா?"

அந்த அறையில் சிரித்தது அவள் ஒருத்திதான். சிரித்ததோடு சரி, அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அங்கிளைக் கட்டடத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் சிதறிக் கிடக்கும் பெட்டித் தள்ளுவண்டிகளைப் பொறுக்கி வரும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் தைரியம் திரட்டி, ஒருநாள் தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் அவளைப் பிடித்தார்.

"மேடம், மன்னிச்சிடுங்க. கதவைத் திறந்திருக்கக் கூடாது."

"கதவைத் திறந்தது கூடப் பரவால்ல அங்கிள். அது அந்த ஆள் புகழ்ந்து குளிப்பாட்டினதுல வந்தது" என்றாள். கோப்பையை ஊதிக்கொண்டே தொடர்ந்தாள். "முகத்தைப் பாத்து என்னை மதிக்காதவங்க ஆயிரம் பேரைப் பாத்தாச்சு. அவங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்க என்கூடவே நின்னு நான் வேலை செய்யறதைப் பாத்தவரு. நீங்களும் 'இங்க பாரும்மா'ன்னீங்க. சரி, அந்தக் கோட்டை உங்களுக்கு மாட்டிவிட்டது நான்தான. யாரைப் போய்ச் சொல்ல?"

மன்னித்தாளா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

கேட்டில் பயணிகள் இப்போதும் நிஜ மேனேஜரைக் கேட்கத்தான் செய்கிறார்கள். "அவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களே, வீடியோல பாக்கலையா? வேற ஆள் இல்ல. நீங்க என்னை வச்சுத்தான் சமாளிக்கணும்" என்கிறாள் அவள். நாலு பேரில் மூன்று பேர் அதற்குமேல் பேசுவதில்லை. நாலாமவரைக் கூண்டின் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிறாள்.

அங்கிள் வெயிலில் தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நீளமாகக் கோத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். போன வாரம் ஒரு பெண்ணும் அவள் கணவனும் அவரை நிறுத்தி உற்றுப் பார்த்தார்கள்.

"நீங்க அந்த வீடியோல வந்த மேனேஜர்தான?"

அங்கிள் வண்டியை நிறுத்தினார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மீசையை ஒருதரம் நீவிவிட்டுக்கொண்டார்.

"முன்னாள்" என்றார்.

அவர்கள் சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போகும்போது கணவன் தங்களுடைய தள்ளுவண்டியையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் போனான்.